அக்கா உசரத்துக்கு ஒரு கல்லு

மச்சான் எங்க கல்லுப் பட்டறைக்குள்ள வந்து நின்னப்ப, நான் ஒரு ஆட்டுக்கல்லுக்குக் குழி எடுத்துக்கிட்டு இருந்தேன். மூஞ்சி பூராம் கல்லுத் தூசி. கண்ணு ரெண்டு மட்டுந்தான் எனக்குச் சொந்தமா இருந்துச்சு.

நிமிந்து பாத்தா, அவரு தோள்ல ஒரு கயிறு. புதுத் தேங்கா நாருக் கயிறு. சுருட்டி மாட்டியிருந்தாரு. கயித்துல ஒரு எடத்துல இறுக்கி ஒரு முடிச்சு.

"இந்தா மாப்ள. அளவு."

அம்புட்டுத்தான் பேச்சு. கயித்த ஆட்டுக்கல்லு மேல வச்சுட்டு, பக்கத்துல கவுந்து கெடந்த ஒடஞ்ச ஒரல்ல உக்காந்துட்டாரு.

எங்க மச்சான் வந்தா மொதல்ல மணம் வரும், அப்பறந்தான் ஆளு வருவாரு. மல்லிகத் தோட்டக்காரரு. சட்ட மணக்கும், துண்டு மணக்கும், அவரு ஏறி வந்த பஸ்சு டிக்கெட்ட மோந்து பாத்தா அதுவும் மணக்கும். அன்னைக்கு ஒரு மணமும் இல்ல. வேர்வையும் பஸ்சுப் பொகையுந்தான்.

"கயிறு இருக்கு, மாடு எங்க மச்சான்?"னு கேக்க வாயத் தெறந்தேன். வாயி தெறந்துச்சு, சத்தம் வரல. தூசி போயிருச்சுன்னு இருமி வச்சேன்.

எங்க அக்கா செத்துப் போயி, முப்பதாம் நாளு கும்புட்டு, நாலஞ்சு நாளு இருக்கும்.

கேலிக்குன்னே ஒரு மச்சான்

எங்க வீடு திண்டுக்கல்லு மலைக்கோட்டையப் பாத்த மாதிரி இருக்கும். அய்யாவுக்குக் கல்லு வேல. செலை வடிக்கிற சிற்பி கிற்பின்னு நெனச்சுராதீக. அம்மி, ஆட்டுக்கல்லு, ஒரலு, மாட்டுக்குத் தண்ணித் தொட்டி. அம்புட்டுத்தான் எங்க கலை. நான் எட்டாங்கிளாசுல ரெண்டு வருசம் உக்காந்து, ரெண்டு வருசமும் வாத்தியாரு ஒரே மார்க்குப் போட்டதுல ரோசப்பட்டு உளியத் தூக்குனவன்.

பழனிப் பக்கத்து வாசகரு ஒருத்தரு, "ஏனுங்க, நீங்க இந்தத் தொடர நல்ல எழுத்துத் தமிழ்ல எழுதப்படாதுங்களா?"ன்னு மரியாதையாக் கார்டு போட்டுருக்காரு. எழுதலாந்தானுங்க. ஆனா எனக்கும் ஒரு எழுத்துக்கும் பழைய பகை இருக்கு. அது இந்த வாரமே வரும், பாருங்க.

அக்கா பேரு அழகம்மா. எனக்கு நாலு வயசு மூத்தவ. ஆனா பத்து வயசுலயே நான் அவ உசரத்தத் தாண்டிட்டேன். அம்புட்டுக் குள்ளம். அவளக் கட்டுன வீரணன் மச்சானோ தென்னமரத்துக்குத் தம்பி. சேவுகம்பட்டிக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரு அவருக்கு.

கல்யாணத்துல மால மாத்துறப்ப இவ தல அவரு நெஞ்சு வரைக்குந்தான் வருது. மச்சான் வீட்டுப் பொம்பளைக அவரு காதுல, "குனியாத வீரணா, இன்னைக்குக் குனிஞ்சா காலம் பூராம் குனியணும்"னு ஓதிவிட்டாளுக. மனுசன் கொடிமரம் மாதிரி நிக்கிறாரு. அக்கா எக்குறா. கூட்டம் சிரிக்குது. நான் பந்தலுக்குப் பின்னாடி ஓடிப்போயி, அங்க கெடந்த ஒரல உருட்டிக் கொண்டாந்து கவுத்துப் போட்டேன்.

"ஏறுக்கா."

ஏறுனா. மாலையப் போட்டா. எறங்குறப்ப என்னயப் பாத்து வாய ஒரு பக்கமாக் கோணி ஒரு பழிப்புக் காட்டுனா பாருங்க, தாலி ஏறுற அன்னைக்கு எந்தப் பொண்ணும் அப்படிக் காட்டியிருக்க மாட்டா.

அன்னையிலருந்து மச்சானக் கேலி பண்றதுதான் எனக்குப் பொழப்பு. மொற அப்படி. அக்கா புருசனக் கேலி பண்ணலன்னா மச்சினன்னு சொல்லிக்கிட்டு என்ன பிரயோசனம்? அவரு துண்டுல நாயுருவி ஒட்டி விடுவேன். செருப்புல ஒத்தச் செருப்பத் தூக்கிக் கூர மேல போடுவேன். "ஏலே, ஒன்னயத் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டு அமுக்குறேன் பாரு"ன்னு வெரட்டுவாரு. அக்கா சமயக்கட்டு வாச நெலையில தலயச் சாச்சு நின்னு சிரிப்பா. எப்பப் பாரு அந்த நெலைதான். சோறு கொதிக்கிற வரைக்கும் சாஞ்சு நிப்பா, மச்சான் தோட்டத்துலருந்து வார வரைக்கும் சாஞ்சு நிப்பா.

எறக்காத சொம

அக்காவுக்கு ஒம்பதாம் மாசம். வலி கண்டு, வண்டி கட்டிக் கூட்டியாரயில பாதி வழியில போயிட்டா. இதுக்கு மேல அத நான் எழுதப் போறதில்ல.

வயித்துல புள்ளையோட ஒருத்தி போயிட்டா எங்க பக்கம் சொமதாங்கிக் கல்லு நடுவாக. தெரிஞ்சவுக செத்த நேரம் பொறுத்துக்கங்க, பட்டணத்துல இருக்கவுகளுக்குச் சொல்றேன். பாதையோரமா ரெண்டு கல்லு நட்டமா நிக்கும். அதுக்கு மேல ஒரு கல்லு படுக்க வச்சிருக்கும். தலச்சொமையோட வாரவுக அடுத்தவுக தொணையில்லாம சொமைய அது மேல சரிச்சுட்டு, மூச்சு வாங்கிட்டு, மறுபடி தலயக் குடுத்துத் தூக்கிட்டுப் போகலாம். செத்தவ சொமைய எறக்காமலே போயிட்டாளா, அங்கிட்டுப் போயும் சொமந்துக்கிட்டே திரிவாளாம். இங்க ஒவ்வொரு ஆளாச் சொம எறக்க எறக்க, அங்க அவளுக்கும் கொஞ்சங் கொஞ்சமா எறங்குமாம்.

அந்தக் கல்லுக்குத்தான் மச்சான் அளவுக் கயிறு கொண்டாந்தாரு.

அய்யா கயித்தப் பாத்தாரு. தொடல. "எத்தனையோ ஊருக்குச் சொமதாங்கி கொத்திக் குடுத்துருக்கேன். எம்மகளுக்கு என்னால ஆகாது. நீ கொத்து"ன்னு என்ட்டச் சொல்லிட்டு, எங்களுக்கு முதுகக் காட்டி ஒக்காந்து ஒரு தொட்டியக் கொத்த ஆரம்பிச்சுட்டாரு.

மச்சான் அப்பத்தான் ரெண்டாவது பேச்சுப் பேசுனாரு.

"கல்ல நட்ட மறுநா நான் மூணாறு போறேன் மாப்ள. தேயிலத் தோட்டத்துக்கு ஆளு எடுக்குறாக. மல்லிச் செடியப் பூராம் புடுங்கிப் போட்டுட்டுப் போறேன்."

"திரும்ப எப்ப வருவீக?"

"வந்து?"

சோத்துத் தட்டோட வந்த எங்க ஆத்தா அப்படியே நின்னுட்டா. அவரு போனதுக்கப்பறம் சொன்னா: "மகதான் இல்லன்னு ஆயிப்போச்சு. அவனும் போயிட்டா, அவ பொழங்குன வாசல்ல போயி நிக்கக்கூட நமக்கு ஒரு ஆளு இருக்காதுடா."

எனக்கு அங்கதான் புத்தி வேல செஞ்சுச்சு. கல்லு நட்ட மறுநாத்தான போறேன்னாரு? கல்லு முடிஞ்சாத்தான நடுவாரு? முடியலன்னா?

கெட்ட புத்திம்பீக. ஒரே கிளாசுல ரெண்டு வருசம் உக்காந்தவனுக்கு, ஒரு காரியத்த முடிக்காம இழுக்குறதுக்குச் சொல்லியா தரணும்?

முடியாத கல்லு

நியாயமாப் பாத்தா பத்து நாளு வேல.

மொத வாரம் மச்சான் வந்தப்ப, "கல்லு ஊமச் சத்தம் போடுது மச்சான். வேற கல்லு பாக்கணும்"னேன். தட்டுனா வெங்கல மணி மாதிரிக் கேட்ட கல்லு அது. பாவம், அதப் போயி ஊமைன்னுட்டேன். அடுத்த வாரம், உளி மழுங்கிப் போச்சு, தீட்டிக் குடுக்குற கொல்லன் மாமியா வீட்டுக்குப் போயிட்டான். கொல்லனுக்குக் கல்யாணமே ஆகல. அதுக்கடுத்த வாரம் எனக்குப் பொய்யி தீந்து போச்சு. மச்சான் பஸ்ச விட்டு எறங்கி வாராரு, எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல.

"உருவம் ஒண்ணு செதுக்கணும் மச்சான், அதான் தாமசம்."

"சொமதாங்கியில உருவம் ஏது மாப்ள?"

"இப்பெல்லாம் அப்படித்தான் வைக்கிறாக. நட்டமா நிக்கிற கல்லுல, இடது பக்கத்துக் கல்லுல, புடைப்பா ஒரு உருவம். ஒங்க ஊருப் பக்கம் இன்னும் வரல போல."

எங்க ஊருப் பக்கமும் வரலதான். ஒலகத்துலயே வரல. அந்த நிமிசத்துல என் வாயில வந்தது.

மச்சான் இடது பக்கத்துக் கல்லத் தொட்டாரு. "அவள மாதிரியே வருமா?"

"அடையாளம் சொன்னா வரும்."

அதுலருந்து வாராவாரம் வந்து அடையாளம் சொல்ல ஆரம்பிச்சாரு. பேசாத மனுசன். மொத தடவ, "மூக்குத்தி வலது பக்கம்"னாரு. எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரிக் கேட்டுக்கிட்டேன். ரெண்டாவது தடவ, "பூக்கூடையத் தலையில வச்சா கையால புடிக்க மாட்டா, சும்மாட்டுத் துணியக்கூடச் சரியாச் சுத்த மாட்டா, ஆனா கூடை அசையாது"ன்னாரு. அப்பறம், வெஞ்சனத்துல உப்பு கூடிப் போனா அவரு வாயத் தெறக்குறதுக்கு முன்னாடியே இவ சண்டைக்கு வந்துருவாளாம். அத எப்படிய்யா கல்லுல கொத்துறது? "சரி மச்சான், வச்சுருவோம்"னேன்.

ஒரு நா, "இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு"ன்னுட்டு என்னயப் பாத்தாரு.

அது நான் வச்ச தழும்பு. சின்னதுல, கொய்யாப்பழச் சண்டையில, நான் எறிஞ்ச கல்லுச் சில்லு.

"அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா"ன்னாரு. "எந்தம்பி மொதமொதல்ல கொத்துன கல்லு நாந்தான்னு சொல்லுவா."

அந்தத் தழும்ப மட்டும் ஒரே தட்டுல வச்சேன்.

கோண வாயி

இங்க ஒரு உண்மையச் சொல்லணும். அதுக்கு முன்ன நான் ஒரே ஒரு மொகந்தான் செதுக்கியிருந்தேன்.

என்னய ரெண்டு வருசம் உக்கார வச்ச வாத்தியாரு வீட்டுலருந்து அம்மி கேட்டாக. அம்மிக்கு அடியில, தரையில படுற பக்கம், அவரு மொகத்தக் கொத்தி விட்டேன். மீச, மூக்குக் கண்ணாடி, நெத்திச் சுருக்கம், ஒண்ணும் பாக்கியில்ல. மேல அவரு வீட்டம்மா மொளகா அரைக்க, கீழ வாத்தியாரு கெடப்பாருன்னு எனக்குள்ள ஒரு குளுமை. வீடு மாத்துறப்ப அம்மியப் பொரட்டியிருக்காக. அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சதாக் கேள்வி. வாத்தியாரு என்ன செஞ்சாருங்குறத நாலு வாரத்துக்கு முன்ன எழுதி, நீங்களும் படிச்சுச் சிரிச்சுட்டீக.

ஆகக்கூடி என் கைக்குத் தெரிஞ்சது கேலி மொகம் ஒண்ணுதான். செத்தவளுக்கு அது ஆகுமா? அதனால கோயில்ல இருக்குற அம்மன் செலையப் போயிப் பாத்துட்டு வந்து, வாய மூடி சாந்தமா ஒரு மொகம் வச்சேன்.

மச்சான் வந்தாரு. தலய இப்படிச் சாச்சாரு, அப்படிச் சாச்சாரு.

"நல்லாருக்கு மாப்ள. யாரு இது?"

"என்ன மச்சான், அக்கா!"

"ஒங்கக்கா எப்படா வாய மூடிக்கிட்டு இருந்தா?"

எனக்குக் குபீர்னு சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டு, அய்யா காதுல விழுந்துருச்சோன்னு திரும்பிப் பாத்தேன். அய்யா முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு.

கல்லுல ஒண்ண அழிக்க முடியாது. ஆனா ஆழப்படுத்தலாம். அந்த வாரம் பூராம் வேற வேல தொடல. சாந்தமா இருந்த வாய, சின்ன உளியால கொஞ்சங் கொஞ்சமா ஒரு பக்கமா இழுத்தேன். கன்னத்துல ஒரு குழி வந்துச்சு. மூக்கு லேசாச் சுருங்குச்சு. ஒரல்லருந்து எறங்குறப்பக் காட்டுனாளே, அதே பழிப்பு. வேணும்னு வச்சேனா, கையி பழக்கத்துல வச்சுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

அடுத்த வாரம் மச்சான் வந்து கல்லுக்கு முன்னாடி குத்த வச்சு உக்காந்தாரு. தொண்டையில என்னமோ சத்தம். இருமுறாருன்னு நெனச்சேன். சிரிக்கிறாரு.

"பழிப்புக் காட்டுறா மாப்ள. என்னயப் பாத்துப் பழிப்புக் காட்டுறா."

"ஒங்களப் பாத்து இல்ல மச்சான். என்னயப் பாத்து."

"போடா. எனக்குத்தான்டா."

"எனக்குத்தான். நீங்க வாரதுக்கு முன்னாடியிலருந்து அவ எனக்குத்தான் காட்டுறா."

"ஒனக்குக் காட்டுனது வேற. சோத்தப் போட்டுட்டுத் திரும்பிப் போறப்பக் காட்டுவா பாரு, அது இது. இது எனக்கு."

சண்ட முத்திப் போச்சு. அவரு என் சட்டையப் புடிச்சாரு, நான் அவரு துண்டப் புடிச்சேன். ரெண்டு பேரும் அழுதுக்கிட்டுத்தான் சண்ட போட்டுருக்கோம். அது பெறகுதான் தெரிஞ்சுச்சு. என் மூஞ்சியில இருந்த தூசி பூராம் சேறாப் போயிருந்துச்சு.

அய்யா பக்கம் உளிச் சத்தம் எப்பவோ நின்னு போயிருந்துச்சு.

நின்ன கல்லு

அதுக்கப்பறம் இழுக்க என்ட்ட ஒண்ணுமில்ல. "போதும் மாப்ள, நட்டுருவோம்"னாரு மச்சான்.

"மூணாறு?"

"மறுநா."

கடைசியா அவ பேரக் கொத்தி, வண்டியில ஏத்திக் கொண்டு போனோம். அய்யாவும் வந்தாரு. ஊருக்கு ஒரு மைலு இருக்கப்பவே மணம் மூக்கத் தொளைக்குது. மூணு மாசமா மச்சான் ஒரு மொட்டுப் பறிக்கல. மல்லிய மொட்டாப் பறிச்சாத்தான் சந்தைக்கு. பறிக்காமப் போனா அது பாட்டுக்குச் செடியிலயே வெடிச்சு, மணத்துட்டு, பழுத்துக் கொட்டும். ஊரே கல்யாண வீடு மாதிரி மணந்துச்சு. ஊரே கிறுகிறுத்துப் போயிக் கெடந்துச்சு.

ஒண்ணு கவனிச்சேன். செடிக்கு அடியில ஈரம் இருந்துச்சு. புடுங்கிப் போடப் போறேன்னு சொன்ன மனுசன் தண்ணி மட்டும் பாச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.

தோட்டத்துலருந்து பஸ்சு ரோட்டுக்குப் போற பாதையில, புங்க மரத்துக்குப் பக்கத்துல குழி வெட்டி ரெண்டு கல்லையும் நிறுத்துனோம். மேக்கல்லத் தூக்கி வச்சோம். மஞ்சத் தண்ணி ஊத்தி, மால போட்டு, சூடம் காட்டுனோம். ஊரு மணியக்காரரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு பேர வாசிச்சாரு.

"அ... ள... கம்மா. ஏம்ப்பா, சிறப்பு ழ-ல்ல வரணும்?"

இதான் நான் சொன்ன பகை. கல்லுக்கு ரப்பர் கெடையாது.

"எங்க வீட்டுல யாரும் அவள அந்த ழ போட்டுக் கூப்புட்டதில்லங்க"ன்னேன். கூட்டம் சிரிச்சுச்சு. அதோட போயிருந்தா நல்லாருந்துருக்கும்.

மொதச் சொம எறக்க ஒரு ஆளு கத்தரிக்கா மூட்டையோட வந்தான். நல்ல உசரமான ஆளு. கல்லுக்கிட்ட வந்து சரிச்சான். கல்லு அவன் நெஞ்சுக்குத்தான் நிக்குது. மூட்ட தலையிலருந்து நழுவி, கல்லுல ஒரு இடி இடிச்சு, வாயி அவுந்து, கத்தரிக்கா பூராம் பாதையில உருண்டுச்சு.

"யாருக்குய்யா நட்டுருக்கீக இந்தக் கல்ல? ஆட்டுக்குட்டிக்கா?"

நான் போயிப் பக்கத்துல நின்னு பாத்தேன். ஆமா. ஆம்பளை கழுத்துக்கு நிக்க வேண்டிய கல்லு ஒரு சாண் கம்மியா நிக்குது. பட்டறையில படுத்துக் கெடந்த கல்லுல உசரம் எனக்குத் தெரியல. கயித்துல முடிச்சு எங்க இருந்துச்சோ அங்க வெட்டுனேன், மண்ணுக்குள்ள போறதுக்குத் தனியா விட்டேன், அம்புட்டுத்தான்.

"மச்சான், கயித்த எங்க வச்சு அளந்தீக?"



"சமயக்கட்டு நெலையில. அவ தலயச் சாச்சுச் சாச்சு எண்ணெப் பிசுக்கு இருக்கும்ல, தரையிலருந்து அது வரைக்கும்."

"அய்யோ மச்சான், பாதையில வாரவுக கழுத்தளவுல்ல வேணும்?"

"எறக்க வேண்டியவ அவதான மாப்ள? அவளுக்கு எட்ட வேணாமா?"

கத்தரிக்கா பொறுக்கிக்கிட்டு இருந்தவன் கையி நின்னுருச்சு. அய்யா துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சாரு.

மணியக்காரருதான் மெதுவாச் சொன்னாரு. "அது சரிப்பா வீரணா. ஆனா கல்லு ஊருக்குல்ல? இத எடுத்துட்டு உசரமா வேற நடச் சொல்லு."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். வேற கல்லுன்னா இன்னும் மூணு மாசம் இழுக்கலாம்! அக்கா மேல சத்தியமா இது நான் போட்ட திட்டம் இல்ல. ஆனா மச்சான் மொகத்தப் பாத்தேன், சந்தோசம் செத்துப் போச்சு. அவளையே இன்னொருக்காத் தோண்டி எடுக்கச் சொன்ன மாதிரி நின்னாரு.

மூக்கம்மா வந்தா

அந்த நேரத்துலதான் மூக்கம்மா தக்காளிக் கூடையோட பாதையில வந்தா. அக்காவோட சேந்து மச்சான் தோட்டத்துல பூப் பறிச்சவ. அக்காவ விட ரெண்டு விரக்கட உசரம் இருந்தா அதிகம். வாயி மட்டும் பனமர உசரம்.

"வழிய மறிச்சுக்கிட்டு என்னடா கூட்டம்? சொமையோட ஒருத்தி வாரது தெரியல? தள்ளு."

நேரா கல்லுக்கிட்ட வந்தா. தலய லேசாச் சாச்சா. கூடை அப்படியே வழுக்கிப் போயிக் கல்லு மேல உக்காந்துச்சு. ஒரு தக்காளி அசையல.

அவளே தெகச்சுப் போயிட்டா. சும்மாட எடுத்துக் கையில வச்சுக்கிட்டு கல்லத் தடவிப் பாத்தா.

"எவன்டா கொத்துனது?"

"நாந்தேன். தப்பாப் போச்சு, எடுக்கச் சொல்றாக."

"எவன் எடுக்கச் சொன்னது? கைய ஒடிச்சுப்புடுவேன். கலியாணமாகி வந்த நாள்லருந்து இந்தப் பாதையில சொமக்குறேன். இருக்குற கல்லு பூராம் ஆம்பளை கழுத்துக்கு நிக்குது. என் தலைக்கு மேல நிக்கிற கல்லுல நான் எங்கிட்டு எறக்குறது? எவனாச்சும் வருவானான்னு வெயில்ல நின்னு, கை குடுய்யா கை குடுய்யான்னு கெஞ்சணும். இன்னைக்குத்தான்டா ஒருத்தன் என் தலைக்குன்னு கல்லு நட்டுருக்கான்."

அவளுக்குப் பின்னாடி வந்த ரெண்டு பொம்பளைக, "எங்க, நான் எறக்கிப் பாக்குறேன்"னு முட்டி மோதிக்கிட்டு வந்தாளுக.

"அப்ப ஆம்பளைக என்னம்மா செய்யிறது?"ன்னாரு மணியக்காரரு.

"குனியட்டும். குனிஞ்சா இடுப்பு முறிஞ்சுருமா?"

பெறகு உருவத்தப் பாத்துட்டா. "அடியே அளகு! செத்தும் பழிப்பாடி காட்டுற?"ன்னு சொல்லி, முந்தானையால அந்தக் கல்லு வாயத் தொடச்சு விட்டா. அப்படியே மச்சான் பக்கம் திரும்புனா.

"நாளைக்கு மூணாறு போறியாமே? போ ராசா. இந்தத் தக்காளி இன்னும் ஒரு மாசத்துக்கு வரும். பெறகு ஒன் பூவத்தான நாங்க இந்தப் பாதையில சொமக்கணும்? செடியப் புடுங்கிப்புட்டா நான் எதக் கொண்டாந்து இதுல எறக்குறது? சொமையே வராட்டி அவளுக்கு எப்படிடா எறங்கும்? கல்லு எதுக்கு நிக்குது, காக்கா ஒக்காரவா?"



காணாமப் போன கயிறு

அன்னைக்கு நானும் அய்யாவும் அங்கயே தங்கிட்டோம். மச்சான் துணிமணிய ஒரு தகரப் பெட்டியில வச்சு, அந்த அளவுக் கயித்தாலயே இறுக்கிக் கட்டி வாசல்ல வச்சிருந்தாரு. மொதப் பஸ்சுக்குப் போகணும்னாரு. நான் சரின்னு சொல்லிப் படுத்துட்டேன். வேற என்ன சொல்ல?

விடியக் கருக்கல்ல முழிச்சேன். பெட்டி இருந்துச்சு. மச்சானக் காணோம். பெட்டியக் கட்டியிருந்த கயித்தையும் காணோம்.

அய்யாவ எழுப்பக்கூட நிக்கல. தோட்டத்துப் பக்கம் ஓடுனேன், கெணத்தடிக்கு ஓடுனேன், அங்கிட்டு இல்லன்னு பாதையில ஓடுனேன். புங்க மரத்தடியில மூச்சு வாங்கிட்டு நிக்கிறப்ப, மொதல்ல மணம் வந்துச்சு.

அப்பறந்தான் ஆளு வந்தாரு.

தலையில பெரிய கூடை. கூடை நெறைய மல்லி மொட்டு, மேல ஈரத்துணி போட்டு, அது பறக்காம இருக்க அந்தத் தேங்கா நாருக் கயித்தால சுத்திக் கட்டு. என்னயப் பாத்துட்டு நிக்கல. கல்லுக்கிட்ட வந்தாரு. ரெண்டு முட்டியையும் மடக்குனாரு, இடுப்ப வளைச்சாரு, கழுத்தத் தாழ்த்துனாரு. அவரு உசரத்துக்கு அது பெரிய சோலி. கூடைய எறக்கிட்டு, இடுப்புல கைய வச்சு நிமிந்தாரு.

எனக்கு வாயி தானாத் தெறந்துச்சு. இந்தத் தடவ சத்தமும் வந்துச்சு.

"என்ன மச்சான், மால மாத்துறப்ப ஒரு விரக்கட குனிய மாட்டேன்னு கொடிமரமா நின்னீக. இனிமே தெனம் குனியணும் போலருக்கே?"

அவரு துண்டால கழுத்தத் தொடச்சுக்கிட்டாரு.

"அன்னைக்கும் குனியத்தான்டா இருந்தேன். நீதான ஒரல உருட்டிக் கொண்டாந்து கெடுத்துப்புட்ட?"

கல்லத் திரும்பிப் பாத்தேன். மச்சான் எத்தன தடவ வேணும்னாலும் சண்டைக்கு வரட்டும். அந்தப் பழிப்பு எனக்குத்தான்.